நான்காவது வரி எங்கே போனது? கவிதை, பாட்டு, விளம்பரம் மூன்றையும் நுணுகிப் படிப்பது பற்றி

கேள்வி இதுதான்: ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர், அமெரிக்க இலக்கியத் தாளுக்காக மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறார். ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘த ரோடு நாட் டேக்கன்’ கவிதை, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’ பாட்டு, 1964 அதிபர் தேர்தலில் வந்த ‘டெய்ஸி’ விளம்பரம். மூன்றிலும் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே குறிப்பை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்: “இது சுருக்கம், வாசிப்பு அல்ல.” இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முப்பது நாற்பது நொடி ஓடுகிற விளம்பரத்தையெல்லாம் கவிதை மாதிரி படிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கட்டுரைகளைப் படித்தேன். ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனால் குறிப்போடு நிறுத்திக்கொண்டாரே, வழி காட்டவில்லையே என்ற உங்கள் வருத்தமும் நியாயம்தான்.

உங்கள் ஃப்ராஸ்ட் கட்டுரையில் இப்படி ஒரு வரி: “கவிஞர் அதிகம் பேர் போகாத பாதையைத் தேர்ந்தெடுத்தார், அதனால் வாழ்க்கையில் வெற்றி பெற்றார்.” கவிதையை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிய வரி இது. குற்றமாகச் சொல்லவில்லை, நானே பத்து வருஷம் அந்தக் கவிதையை அப்படித்தான் நடத்தினேன். தன்னம்பிக்கைக் கவிதை, துணிந்து தனி வழி போ, அவ்வளவுதான் பாடம். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், ரெண்டாவது பத்தி முடிவுலயே ரெண்டு பாதையும் ஒரே மாதிரி தேஞ்சிருந்துச்சுன்னு சொல்லிடறாரே, அப்புறம் எப்படி இது ஆளு கம்மியா போன பாதை?” என்று கேட்டாள். மணி அடித்தது என்னைக் காப்பாற்றியது. அன்று ராத்திரிதான் கவிதையை முதல்முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

அவள் கேட்டது சரி. நான்கு பத்தி, பத்திக்கு ஐந்து வரி. இரண்டாம் பத்தியில் இன்னொரு பாதையை எடுத்தேன், அதில் புல் கொஞ்சம் கூடுதல் என்று தொடங்குகிறான். அடுத்த மூச்சிலேயே, ஆனால் ஆட்கள் நடந்து தேய்ந்ததைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறான். மூன்றாம் பத்தியில் அதையே மறுபடி உறுதிப்படுத்துகிறான்: அன்று காலை இரண்டிலும் ஒரே மாதிரி இலை விழுந்து கிடந்தது, எந்தக் காலும் அதை மிதித்துக் கறுப்பாக்கவில்லை. இத்தனையும் சொன்னவன் கடைசிப் பத்தியில் ‘ஆள் குறைவாகப் போன பாதையை எடுத்தேன், அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது’ என்கிறான். இரண்டில் ஒன்று பொய்.

இந்த முரண்பாட்டைக் கண்டுபிடித்ததோடு வாசிப்பு முடியாது, அங்கேதான் தொடங்கும். இதற்கு நம் கையில் ஏற்கெனவே கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்பு சொல்கிறது. மாத்திரை, அசை, சீர் எல்லாம் யாப்புக்கு. அதற்குப் பின்னால் வருகிற கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் இந்த ஆறும் உங்களுக்கு வேண்டியவை. யார் சொல்வது, யாரிடம், எந்த இடத்தில், எப்போது, எதற்காக, சொல்லாமல் விட்டது என்ன? சங்கப் பாட்டுக்குக் கீழே ‘தலைவி தோழிக்குச் சொல்லியது’ என்று ஒரு குறிப்பு போட்டிருப்பார்களே, அதை மூடிவிட்டுப் பாட்டைப் படித்துப் பாருங்கள், பாதி போய்விடும். ஃப்ராஸ்டின் நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) கவிதைக்கும் அந்தக் குறிப்பை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஃப்ராஸ்டுக்கு அப்படி எழுதினால் காலம் என்ற இடத்தில் இடறும். முதல் மூன்று பத்தியும் இறந்தகாலம், நான்காவது எதிர்காலம். ‘காலம் பல கழிந்து எங்கோ இருந்துகொண்டு, ஒரு பெருமூச்சோடு இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன்’ என்கிறான். பாதை தன் வாழ்க்கையை மாற்றிவிட்டதாக அவன் சொல்லவில்லை. மாற்றிவிட்டதாக ஒருநாள் சொல்லப்போகிறேன் என்கிறான். கிழவனானதும் என்ன கதை விடப்போகிறோம் என்று இளமையிலேயே தெரிந்துவைத்திருக்கிற ஆள். அந்தக் கதையைச் சொல்லும்போது ‘நான்’ என்ற சொல் வரி முடிவில் ஒரு கோட்டோடு நின்று, அடுத்த வரியின் தொடக்கத்தில் இன்னொரு முறை வருகிறது. திக்குகிறான். அல்லது மேடையில் ஏறியவன் கைதட்டலுக்கு இடம் விடுவதுபோல நிறுத்துகிறான். இரண்டில் எது என்று நீங்கள் வாதாடலாம், அதுதான் கட்டுரை. ‘பெருமூச்சு’ என்று நான் தமிழில் எழுதியதும் வருத்தம் ஏறிவிட்டது பாருங்கள். ஆங்கிலச் சொல்லில் நிம்மதிக்கும் இடமுண்டு. ‘மாற்றியது’ என்றானே தவிர நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. தலைப்பையும் கவனியுங்கள். எடுத்த பாதை தலைப்பில் இல்லை, எடுக்காத பாதைதான் இருக்கிறது.

பின்னணி ஒரு வரிக்குமேல் வேண்டாம். 1914இல் இங்கிலாந்தில் இருந்தபோது ஃப்ராஸ்ட் தன் நண்பர் எட்வர்ட் தாமஸோடு நடக்கப் போவார். எந்த வழியில் போனாலும் இன்னொரு வழியில் போயிருக்கலாமே என்று தாமஸ் புலம்புவாராம். அந்தக் கேலிதான் கவிதையின் விதை. 1915இல் அட்லாண்டிக் மாத இதழில் வந்தது. தாமஸ் அதே வருஷம் பட்டாளத்தில் சேர்ந்து 1917 ஏப்ரலில் பிரான்சில் அராஸ் போரில் செத்துப்போனார். இதைக் கட்டுரையில் சேர்க்கலாம், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். முதலிலேயே போட்டால் கவிதை அஞ்சலிக் குறிப்பாகிவிடும்.

அந்த ஒற்றை வரியைத் திருத்தினால் ஏறக்குறைய இப்படி வரும்: “இரண்டு பாதையும் ஒன்றுபோலவே தேய்ந்திருந்தன என்று ஒப்புக்கொண்ட பேச்சாளன், கடைசிப் பத்தியில் எதிர்காலத்துக்குத் தாவியதும் அதை மறுத்துப் பேசுகிறான், ஆகவே கவிதையின் பொருள் தேர்வு அல்ல, தேர்வைப் பற்றிப் பின்னால் நாம் கட்டும் கதை.” முழுதாக ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இந்த வரியோடு ஒருவர் சண்டை போடலாம், உங்கள் பழைய வரியோடு சண்டை போட ஒன்றுமே இல்லை. சுருக்கத்துக்கும் வாசிப்புக்கும் என் கணக்கில் வித்தியாசம் இதுதான்.

அடுத்து பாட்டு. “நாட்டுப்பற்றுப் பாடல்போலத் தோன்றினாலும் உண்மையில் வியட்நாம் போரை விமர்சிக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் 1984 ஜூனில் ஆல்பம் வந்ததிலிருந்து எல்லாரும் எழுதும் வரி அது. கூடவே ‘ரீகன் இந்தப் பாட்டைத் தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்’ என்றும் ஒரு வரி. அதை அடித்துவிடுங்கள். 1984 செப்டம்பர் 19இல் நியூ ஜெர்சியின் ஹாமண்டனில் அப்போதைய அதிபர் ரீகன் பேசியபோது, இளைஞர்கள் போற்றும் நியூ ஜெர்சிக்காரர் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் இருக்கும் நம்பிக்கைச் செய்தியில் அமெரிக்காவின் எதிர்காலம் இருக்கிறது என்றுதான் சொன்னார். எந்தப் பாட்டின் பெயரையும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பிட்ஸ்பர்க் மேடையில், அதிபருக்கு என்னுடைய எந்த ஆல்பம் பிடிக்குமோ தெரியவில்லை, ‘நெப்ராஸ்கா’வாக (நொடித்துப்போனவர்கள், குற்றவாளிகள் கதைகள் நிறைந்த ஆல்பம்) இருக்காது என்று ஸ்பிரிங்ஸ்டீன் குத்திவிட்டு, வேலை போய்க் கொலைகாரனான ஒருத்தனைப் பற்றிய பாட்டைப் பாடினார். கவிதையை நுணுகிப் படிக்கிறவர் சரித்திரத்தை மேலோட்டமாகப் படிக்கக் கூடாது.

பாட்டுக்குள் வாருங்கள். பேசுகிறவன் செத்த ஊரில் பிறந்தவன். உள்ளூரில் ஏதோ சில்லறைத் தகராறு, கையில் துப்பாக்கியைக் கொடுத்து அந்நிய நாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். யார் அனுப்பியது? ‘அவர்கள்’. பெயர் கிடையாது. திரும்பி வந்து எண்ணெய் ஆலையில் வேலை கேட்கிறான். ஆளெடுப்பவர் ‘மகனே, என் கையில் இருந்திருந்தால்...’ என்கிறார். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகிறான். அங்கேயும் ஒருவர் ‘மகனே, உனக்குப் புரியவில்லையா...’ என்கிறார். இரண்டு பேருமே ‘மகனே’ என்று கூப்பிட்டுவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறார்கள். நம் ஊரில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் ‘நான் என்ன தம்பி பண்றது...’ என்று இழுப்பாரே, அதே இழுப்பு. கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்காது.

அதற்கு அடுத்ததுதான் நான் சொல்ல வந்த இடம். அதுவரை ஒவ்வொரு பத்தியும் நாலு வரி. இப்போது: கே சானில் (வியட்நாமில் கடும் போர் நடந்த இடம்) எனக்கு ஒரு சகோதரன் இருந்தான், வியட்காங் கெரில்லாக்களோடு சண்டை போட்டான், அவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், அவன் போய்விட்டான். மூன்று வரி. நான்காவது வரிக்குரிய இடத்தில் பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும் ஓடுகிறது. காது அந்த வரியை எதிர்பார்த்து ஏமாறுகிறது. செத்தவனுக்கு ஒரு வரி காலி. தொல்காப்பியர் எச்சம் என்பதைச் சொல்லாலும் குறிப்பாலும் முடித்துக்கொள்ள வேண்டியது என்கிறார். இங்கே முடிக்க வேண்டியவர் கேட்பவர். அச்சில் வரிகளைப் படித்தால் இது தெரியவே தெரியாது. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டால்தான் தெரியும். உங்கள் கட்டுரை பாட்டின் வரிகளைப் பற்றி மட்டும் பேசுகிறது, ஓசையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பாட்டைக் கவிதையாக மட்டும் படித்தால் பாதி மதிப்பெண்தான் நானும் போடுவேன்.

ஓசை என்றால் பெரிய இசை ஞானம் வேண்டியதில்லை. சிந்தசைஸரில் ஒரே ஒரு துண்டு, தொடக்கத்தில் வந்தது முடிவு வரை மாறவே இல்லை. பத்திக்கும் பல்லவிக்கும் அதே துண்டு, அதே இரண்டு கார்டு (சுரக்கூட்டு). வழக்கமாகப் பல்லவி வந்ததும் ஒரு விடுதலை இருக்கும், கூரை திறந்ததுபோல. இங்கே பல்லவிக்குப் போனாலும் அதே அறைதான், கத்தல் மட்டும் கூடுகிறது. போவதற்கு இடமில்லை என்று கடைசிப் பத்தியில் அவன் சொல்வதை ராகம் முதல் நொடியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. ‘அமெரிக்காவில் பிறந்தேன்’ என்ற பல்லவி முதலில் வரும்போது வெறும் தகவல். நல அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு வரும்போது அதே சொற்கள், ‘இங்கேதானே பிறந்தேன், பிறகு ஏன்?’ என்று ஆகிவிடுகின்றன. எழுத்து மாறவில்லை, களன் மாறிவிட்டது. இதே பாட்டை 1982இல் வெறும் கிட்டாரோடு பாடிப் பதிவுசெய்தது 1998இல் ‘டிராக்ஸ்’ தொகுப்பில் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அந்தப் பதிவை யாரும் கொடியாட்டிக்கொண்டு கேட்க முடியாது.

இனி விளம்பரம். படிக்க முடியுமா என்றால், மூன்றில் இதுதான் கறாராகப் படிக்க வேண்டியது. கவிஞன் ஒரு சொல்லைத் தற்செயலாகப் போட்டிருக்கலாம். விளம்பரத்தில் நொடிக்குக் காசு, தற்செயல் ரொம்பக் குறைவு. நீங்களோ “இந்த விளம்பரம் பேத்தோஸைப் பயன்படுத்தி மக்களை அச்சுறுத்துகிறது” என்று எழுதி முடித்துவிட்டீர்கள். ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ், அதாவது பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, தர்க்கம் என்று மூன்று சீட்டு ஒட்டிவிட்டால் ஆய்வாகிவிடாது. மசாலா டப்பாவுக்கு லேபிள் ஒட்டினால் குழம்பு ஆகிவிடுமா?

டெய்ஸிக்குப் போகுமுன் பயிற்சிக்காக ஒன்று. டெய்ஸியை எடுத்த டாயில் டேன் பெர்ன்பாக் என்ற நியூயார்க் நிறுவனம்தான் 1959இல் ஃபோக்ஸ்வாகன் காருக்கு ‘திங்க் ஸ்மால்’ விளம்பரத்தையும் செய்தது. பக்கம் முழுக்க வெள்ளை, இடது மேல் மூலையில் குட்டியாக ஒரு கார், கீழே சின்ன எழுத்தில் தலைப்பு. அமெரிக்கக் கார்கள் வாலும் இறக்கையுமாகப் பெருத்துக்கிடந்த காலம். படத்தைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். கீழேயுள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். எங்கள் கார் இப்போது ஒரு புதுமையே இல்லை, கல்லூரிப் பையன்கள் கும்பலாக அதற்குள் திணித்துக்கொண்டு ஏறப் பார்ப்பதில்லை, பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று பங்க்கில் யாரும் கேட்பதில்லை என்று போகிறது. கேலனுக்கு 32 மைல் என்பதை அதை ஓட்டுகிறவர்களிலேயே சிலர் பெரிதாக நினைப்பதில்லை என்கிறது. பாருங்கள், 32 மைல் என்று எங்குமே மார்தட்டவில்லை. சிலர் அதைப் பெரிதாக நினைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிற சாக்கில் எண்ணைக் காதில் போட்டுவிடுகிறது. பழிப்பதுபோலப் புகழ்வது, நம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி. பேத்தோஸ் என்று எழுதுவதைவிட இந்தப் பெயர் இங்கே எவ்வளவோ பொருத்தம். பீற்றிக்கொள்ளும் விளம்பரங்களுக்கு நடுவே தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் குரலை ஜனங்கள் நம்பினார்கள்.

இப்போது டெய்ஸி. 1964 செப்டம்பர் 7, தொழிலாளர் தின விடுமுறை, திங்கள் இரவு. என்பிசி தொலைக்காட்சியில் ‘டேவிட் அண்ட் பாத்ஷேபா’ படம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்போர் யார் என்றால், விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து வேதாகமக் கதைப் படம் பார்க்கும் குடும்பங்கள். அறுபது நொடி விளம்பரம். காசு கொடுத்து ஒளிபரப்பியது அந்த ஒரே ஒரு தடவைதான். மீதியைச் செய்தி நிகழ்ச்சிகள் இலவசமாகக் காட்டின.

ஒரு சின்னப் பெண் பூவின் இதழைப் பிய்த்துக்கொண்டே எண்ணுகிறாள். பின்னால் பறவைச் சத்தம். “எண்ணுகிறாள்” என்று நீங்கள் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எப்படி எண்ணுகிறாள்? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஆறு, ஆறு, எட்டு, ஒன்பது, ஒன்பது. தப்பாக எண்ணுகிறாள். அதைத் திருத்தி மறுபடி எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஒன்பதுக்குப் பின் ஓர் ஆணின் குரல், ஒலிபெருக்கியில் வருவதுபோல: பத்து, ஒன்பது, எட்டு... ஒரு பிழை இல்லாமல் கீழே இறங்குகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், படம் உறைகிறது. கேமரா அவள் கண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்து கருவிழிக் கறுப்பு திரையை மூடும் நேரத்தில் எண்ணிக்கை பூஜ்யம். அணுகுண்டு.

இரண்டு எண்ணிக்கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் படியுங்கள். ஏறுவது, இறங்குவது, தடுமாற்றம், துல்லியம், குழந்தை, இயந்திரம். தப்பு செய்கிற குரல்தான் உயிருள்ள குரல் என்று ஒரு சொல் பேசாமலே காட்டிவிடுகிறார்கள். அவள் சரியாக எண்ணியிருந்தால் இந்த விளம்பரம் இதில் பாதிகூட வேலை செய்திருக்காது என்பது என் துணிபு.

பிறகு அதிபர் ஜான்சனின் குரல்: நாம் ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். உங்கள் கட்டுரை இதை ‘ஜான்சனின் உருக்கமான வேண்டுகோள்’ என்கிறது. டபிள்யூ. எச். ஆடன் நியூயார்க்கில் இருந்துகொண்டு இரண்டாம் உலகப் போர் மூண்ட நாளைத் தலைப்பாக வைத்து எழுதிய ‘செப்டம்பர் 1, 1939’ கவிதையின் வரி கிட்டத்தட்ட அப்படியே இது. ஆடனுக்கே பின்னாளில் அந்த வரி பிடிக்காமல் போய், ‘அல்லது’ என்பதை எடுத்துவிட்டு ‘நேசிக்கவும் வேண்டும், சாகவும் வேண்டும்’ என்ற பொருள்பட மாற்றினார். எப்படியும் சாகத்தானே போகிறோம் என்பது அவர் நியாயம். கவிஞர் சந்தேகப்பட்டுக் கைவிட்ட ‘அல்லது’வை அரசியல்வாதி எடுத்துக்கொண்டார். விளம்பரத்துக்கு வேண்டியதும் அந்த ஒரு சொல்தான், வாக்குச்சீட்டே ஓர் ‘அல்லது’ அல்லவா? விளம்பரத்தைக் கவிதை மாதிரி படிக்க முடியுமா என்று கேட்டீர்களே, பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

எதிர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர். அவர் பெயர் இல்லை, படம் இல்லை, கட்சிப் பெயர்கூட இல்லை. அணு ஆயுதத்தைப் பயன்படுத்தத் தயங்காதவர்போல அவர் பேசியதெல்லாம் பார்வையாளர் தலையில் ஏற்கெனவே இருந்தது, அதைத் தொட்டுவிட்டால் போதும். விளம்பரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டோனி ஷ்வார்ட்ஸ், கேட்பவருக்குள் புதிதாக எதையும் போட வேண்டியதில்லை, உள்ளே இருப்பதை மீட்டினால் போதும் என்று பின்னாளில் ஒரு புத்தகமே எழுதினார். மறுபடி எச்சம்தான். ஸ்பிரிங்ஸ்டீன் காலியாக விட்ட வரியை நாம் துக்கத்தால் நிரப்புகிறோம், இங்கே காலியாக விட்ட பெயரைப் பயத்தால் நிரப்புகிறோம். எதிர்க்கட்சிக்காரர்கள் இது எங்கள் வேட்பாளரைத் தாக்குகிறது என்று புகார் செய்து, விடுபட்ட பெயரைத் தாங்களே எழுதிக் கொடுத்ததுதான் வேடிக்கை.

பயன்? கடைசி வாக்கியம், நவம்பர் 3இல் ஜான்சனுக்கு வாக்களியுங்கள், நீங்கள் வீட்டில் இருந்துவிட முடியாத அளவுக்கு இதில் பெரிய விஷயங்கள் அடங்கியிருக்கின்றன என்கிறது. ஜான்சன் கருத்துக்கணிப்புகளில் ஏற்கெனவே வெகுதூரம் முன்னால் இருந்தார். கோல்ட்வாட்டர் ஆட்களை மனம் மாற்றுவதைவிட, எப்படியும் ஜெயிப்பார் என்று சோம்பி உட்காரக்கூடிய சொந்த ஆட்களை எழுப்புவதில்தான் கவனம். ஜான்சன் 44 மாநிலங்களில் ஜெயித்தார். அதை இந்த விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், ‘இதனால்தான்’ என்ற சொல் உங்கள் மூன்றாம் பத்தியில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

நான்காவதாக ஒன்று சேர்க்க நேரமிருந்தால், 2009இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் ஓடுகிற, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். விட்மனுடையது என்று பரவலாகக் கருதப்படும் பழைய மெழுகு உருளைப் பதிவு அது. ‘அமெரிக்கா’ என்ற ஆறு வரிக் கவிதையில் பதிவில் இருப்பது முதல் நான்கு மட்டும். திரையில் ‘அமெரிக்கா’ என்ற நியான் எழுத்து தண்ணீரில் பாதி மூழ்கி மினுக்குகிறது. கவிதை, குரல், விற்பனை மூன்றும் ஒரே இடத்தில்.

கூற்று, எச்சம் என்றெல்லாம் ஆங்கிலக் கட்டுரையில் எழுதலாமா என்று தயங்குவீர்கள். ஒரு வரி விளக்கத்தோடு எழுதுங்கள், தடுக்கிற ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டுரையையும் இடறிய இடத்திலிருந்து தொடங்குங்கள்: ‘ஏறக்குறைய ஒன்றுதான்’, காலியான நான்காவது வரி, ‘ஏழு, ஆறு, ஆறு’. இப்போது உங்கள் மூன்று கட்டுரையுமே ‘தொன்றுதொட்டு மனிதன்’ என்று தொடங்குகின்றன. முதலில் அதை அடியுங்கள்.